மூட்டையும் பந்தும்



பழைய மாணவன் எழுதுகிறேன். இங்கே அமெரிக்காவில் ஆபீஸ் நண்பர்கள் ஆளுக்கொரு ஃபேன்டஸி ஃபுட்பால் அணி வைத்திருக்கிறோம். நிஜ ஆட்டக்காரர் ஆடினால் நமக்குப் புள்ளி: 10 கெஜத்துக்கு 1, பிடிக்கும் பந்துக்கு 1, டச்டவுனுக்கு 6.

2024-இல் முதல் ஆளைப் பொறுக்கும் வாய்ப்பு எனக்கு. தூர ஓடிப் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் ஜமார் சேஸா? பந்தைச் சுமந்து கூட்டத்துக்குள் மோதிப் புகும் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியா? முந்தின வருஷம் 21 டச்டவுன் போட்டவராச்சே! மெக்காஃப்ரியையே எடுத்தேன். முதலில் குதிகால், அப்புறம் முழங்கால். மொத்தம் 4 ஆட்டம். டச்டவுன் ஒன்றுகூட இல்லை. சேஸோ 17 போட்டார்!

"ஏமாத்திட்டான்யா உன் ஆளு" என்று சிரித்தார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. என் அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். முதுகு பிடித்துப் படுத்த அன்று, "இவன் இனி ஆக மாட்டான்" என்றார் முதலாளி. அந்த முதுகில் ஏறித்தான் நான் டிப்ளமோ வாங்கினேன்.

மறு வருஷம் ரிசீவரைத்தான் எடுத்தேன். கணக்கு அப்படி. ஆனால் சுமந்து விழுந்தவனை ஏசாதீர்கள், தம்பிகளே!