ஆளைக் காப்பதா, இடத்தைக் காப்பதா?

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டி மலர்க்குழு மாணவர்கள் நம்மிடம் வந்தபோது, சீறாப்புராணத்தைப் பற்றியோ குணங்குடியாரைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருந்தனர். கூடைப்பந்தைப் பற்றி எழுதவிருக்கிறோம் என்று சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அவர்கள் ஐயம் நியாயமானதே. நாம் அப்பந்தைக் கையால் தொட்டு ஆடியதில்லை. ஆயினும் நம் கல்லூரி ஆடுகளத்தின் சிமெண்டுப் படிக்கட்டில் மாலை நேரங்களில் அமர்ந்து, ஆட்டத்தைக் காட்டிலும் பார்வையாளர் வாதங்களையே மிகுதியாகக் கேட்டு வந்திருக்கிறோம். அவ்வாதங்களுள் ஒன்று நம்மை இன்றளவும் விடவில்லை.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்கென ஜேம்ஸ் நாய்சுமித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டைத் தொங்கவிட்டு, பதின்மூன்று விதிகள் எழுதி உண்டாக்கிய ஆட்டம் இது. அவர் பணியாற்றிய அதே பயிற்சிப் பள்ளியின் வழிவந்த ஹாரி குரோ பக் என்பார் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நம் பக்கத்துப் பள்ளிகளில் விசிலும் கையுமாக நின்ற உடற்கல்வி ஆசிரியர் பலர் அந்தக் கல்லூரியில் பயின்று வந்தவர்களே. பனிக்கு அஞ்சிப் பிறந்த ஆட்டம் நம் கடற்கரையில் உச்சி வெயிலில் ஆடப்படுவது ஒரு வேடிக்கை.

இவ்வாட்டத்தில் எதிரணியைத் தடுக்கும் முறைகள் இரண்டு. ஐவரும் எதிரணியின் ஐவருள் தலைக்கு ஒருவரைப் பொறுப்பேற்று, அவர் செல்லுமிடமெல்லாம் நிழல்போல் தொடர்வது ஒன்று. இதனை ஆளுக்கு ஆள் தடுப்பாட்டம் என்பர். ஆளை விட்டுவிட்டு ஆளுக்கொரு பகுதியைப் பங்கிட்டுக்கொண்டு, அப்பகுதிக்குள் யார் வந்தாலும் தடுப்பது மற்றொன்று. இது பகுதித் தடுப்பாட்டம். நூலில் இவ்வாறு இருப்பினும் களத்தில் இதற்கு ஜோன் என்பதே பெயர். முன்னே இருவர், பின்னே மூவர் நிற்பது இரண்டு மூன்று ஜோன். முன்னே மூவர் நின்றால் மூன்று இரண்டு.

இதனைக் கேட்டதும் நம் மனம் புறத்திணைக்கே சென்றது. கோட்டைக்குள் இருந்து காப்போர் சூடும் பூ நொச்சி. தொல்காப்பியர் அதனைத் தனித் திணையாக்காமல் உழிஞையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே வைத்தது. களம் குறித்து வீரனோடு வீரன் பொருவது தும்பை. ஆகவே ஜோன் என்பது நொச்சி, ஆளுக்கு ஆள் என்பது தும்பை என்று வகுப்பில் ஒருநாள் சொன்னோம். கோவளத்து மாணவர் ஒருவர் எழுந்து, "நம் ஊரில் நொச்சி தோற்றுவிட்டதே ஐயா" என்றார். 1752இல் கிளைவின் படை கோவளத்துக் கோட்டையைக் கைப்பற்றியதை அவர் குறிப்பிட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம்.

இனி அந்த நாளுக்கு வருவோம். கொரோனாத் தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒன்று. நம் கல்லூரி அணி நம் களத்திலேயே ஓர் இறுதி ஆட்டம் ஆடியது. நம் அணியில் நன்கு ஆடக்கூடியவர் அறுவர் எழுவருக்கு மேல் இல்லை. ஆளுக்கு ஆள் ஆடினால் நாற்பது நிமிடமும் ஓட வேண்டும்; சிமெண்டுத் தரையில் கால் ஓய்ந்தால் மாற்றி இறக்க ஆளில்லை. ஆகவே உடற்கல்வி இயக்குநர் தொடக்கம் முதலே இரண்டு மூன்று ஜோனில் நிறுத்தினார். அன்று கடற்காற்றும் அவர் பக்கம் இருந்தது. தொலைவிலிருந்து எறியும் பந்து காற்றில் விலகும். விலகினால் எதிரணி உள்ளே நுழைந்தே எறிய வேண்டும். உள்ளே நம்மவர் மூவர். ஏழை அணிகள் ஜோனை விரும்புவது சோம்பலால் அன்று என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மாலை தொழுகை நேரம் நெருங்கக் காற்று அடங்கியது. எதிரணி ஒல்லியான ஓர் இளைஞரைக் களத்தில் இறக்கியது. அவர் பந்தைத் தேடி ஓடவில்லை. மூலையை ஒட்டி, நம் முன்வரிசைக்காரர் பகுதி முடிந்து பின்வரிசைக்காரர் பகுதி தொடங்குமிடத்தில் போய் நின்றுகொண்டார். பந்து அவரிடம் வந்தபோது நம்மவர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். அவ்வளவுதான். மூன்று புள்ளி. மீண்டும் அதே இடம், மீண்டும் மூன்று. கடைசி நொடிகளில் மூன்றாவது முறையும் அவ்வாறே விழுந்தது. நாம் இரண்டு புள்ளியில் தோற்றோம்.

ஊர் திரும்பும் பேருந்திலேயே வழக்கு தொடங்கிவிட்டது. "ஜோன் போட்டதால்தான் தோற்றோம். அவன் மேல் ஒருத்தனை ஒட்ட வைத்திருந்தால் பந்தே வந்திருக்காது" என்றது ஒரு கட்சி. "ஜோன் இல்லாவிட்டால் இறுதி ஆட்டத்தையே பார்த்திருக்க மாட்டாய்" என்றது மறு கட்சி. இணையத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கும் ஒரு மாணவர், சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் போஹைம் என்னும் பயிற்சியாளர் காலமெல்லாம் இரண்டு மூன்று ஜோனையே ஆடவைத்து 2003இல் தேசியப் பட்டம் வென்றதை எடுத்துரைத்தார். இன்னொருவர், ஆளுக்கு ஆள் முறையையே உயிராகக் கொண்ட பாப் நைட்டின் இந்தியானா அணி 1976இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் பெற்றதைக் கூறி மறுத்தார். அந்நாட்டுத் தொழில்முறைக் கூட்டமைப்பு 2001 வரை ஜோனைத் தடைசெய்தே வைத்திருந்ததாம். நன்னூல் சூத்திரம் ஒன்றை ஒப்பிக்கத் திணறும் இப்பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆண்டுக்கணக்கு எங்ஙனம் நினைவில் நிற்கிறதோ, அல்லாஹ்வே அறிவான்.

கோவளத்தில் இறங்கியும் வழக்கு தீரவில்லை. தர்காவுக்குச் செல்லும் வழியிலுள்ள தேநீர்க் கடையில் மாணவர் நால்வரும் நாமும் அமர்ந்தோம். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அங்கிருந்தார். கூடைப்பந்தை அவர் பார்த்ததே இல்லை. இரு கட்சியையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதிலென்ன பிரமாதம்? ஒன்று பர்ளு ஐன், மற்றொன்று பர்ளு கிஃபாயா" என்றார்.

நாம் வியந்துபோனோம். ஐவேளைத் தொழுகை ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமை. ஒருவருக்காக மற்றொருவர் தொழ இயலாது. அது பர்ளு ஐன். ஜனாஸா தொழுகையோ ஊரார் மீது கூட்டாக விதிக்கப்பட்டது; சிலர் நிறைவேற்றினால் எல்லார் மேலிருந்தும் நீங்கும்; ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். அது பர்ளு கிஃபாயா. ஜோன் கட்சி மாணவர் உற்சாகமாகி, "அப்படியானால் ஜோனுக்கும் மார்க்கத்தில் இடமிருக்கிறது" என்றார்.

"இருக்கிறது தம்பி. ஆனால் மையித்து வீட்டுக்கு அடுத்த தெருக்காரர் போயிருப்பார் என்று ஒவ்வொரு தெருவும் நினைத்துக்கொண்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு அவர் தேநீரை எடுத்துக்கொண்டார்.

பக்கத்து விசுப்பலகையில் வலை பொத்தும் நூலுடன் அமர்ந்திருந்த மீனவர் ஒருவர் அப்போது பேச்சில் கலந்தார். "வலை நடுவுல கிழியறது கம்மி சார். ரெண்டு வலைய சேத்துக் கட்டுற எடத்துலதான் மீன் தப்பும்" என்றார். பிறகு நம்மை உற்றுப் பார்த்து, "நம்ம அக்கா பையன் உங்க கிட்டதான் படிக்கிறான். ஆட்டத்துலயும் இருந்தானே. படிப்ப நிறுத்திட்டானே சார், நீங்க ஒண்ணும் கேக்கலையா?" என்றார்.

நம் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது.

அவர் குறிப்பிட்ட பையன் நம் துறை இரண்டாம் ஆண்டு மாணவர். அணியில் மாற்று ஆட்டக்காரர். ஐந்து வாரமாக அவரை வகுப்பில் காணவில்லை. நாம் அவருடைய வகுப்புப் பொறுப்பாசிரியர். காணாதது நமக்குத் தெரியாமலில்லை. பயிற்சிக்குப் போயிருப்பார், மாத இறுதியில் விளையாட்டுத் துறையிலிருந்து ஓ.டி. பட்டியல் வரும், அப்போது வருகையைத் திருத்திக்கொள்ளலாம் என்று பதிவேட்டில் கட்டங்களை வெறுமையாகவே விட்டுவைத்திருந்தோம். அன்று ஆடுகளத்து விசுப்பலகையிலும் அவர் இல்லை என்பதைக் கண்டோம். காலில் அடிபட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டோம்.

மறுநாள் காலை உடற்கல்வி இயக்குநரிடம் சென்று கேட்டோம். "அகத்தேர்வு நடக்கிறதே, நீங்கள்தான் வகுப்பில் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முந்தைய மாலை களத்தில் நம் மாணவர் இருவர் பார்த்துக்கொண்ட அதே பார்வை.

அன்று மாலையே அவர் வீட்டைத் தேடிச் சென்றோம். தாயாருக்கு அறுவை மருத்துவம், அதற்கு வாங்கிய கடன், தந்தையில்லாக் குடும்பம். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனக் கட்டடத்தில் இரவுக் காவல் வேலைக்கு அவர் சேர்ந்திருந்தார். பகலில் உறக்கம். "சொல்லியிருக்கலாமே தம்பி" என்றோம். "யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை சார். நீங்கள் கேட்பீர்கள் என்று இரண்டு வாரம் பார்த்தேன்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

வருகை 75 விழுக்காட்டுக்கு மிகக் கீழே இறங்கிவிட்டிருந்தது. முதல்வரிடம் மன்றாடியும் அப்பருவத் தேர்வை அவர் எழுத இயலவில்லை. ஓராண்டு போயிற்று. ஜமாஅத்துப் பெரியவரும் துறை ஆசிரியர் சிலரும் சேர்ந்து கடனில் ஒரு பகுதியை ஏற்றனர். அடுத்த கல்வியாண்டில் அவர் தம்மினும் இளையவர்களோடு வந்து அமர்ந்தார்.

இதற்கிடையில் உடற்கல்வி இயக்குநர் நமக்கு ஒரு பாடம் நடத்தினார். நாம் நினைத்தவாறு இவை இரண்டும் தனித்தனி முறைகள் அல்லவாம். ஆளுக்கு ஆள் ஆடும்போது எதிரணியினர் ஒருவர் குறுக்கே சுவர்போல் நின்று நம்மவரை மறித்துவிடுவார். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். அப்போது பக்கத்திலிருப்பவர் தம் ஆளை ஒரு நொடி விட்டுவந்து உதவ வேண்டும். அந்த நொடியில் அவர் ஆடுவது ஜோன். ஜோனிலும் தம் பகுதிக்குள் பந்து வந்ததும் ஆளை ஒட்டியே நிற்க வேண்டும். அது ஆளுக்கு ஆள். "இரண்டிலும் வாய் திறக்க வேண்டும் சார். 'நான் எடுத்துக்கொண்டேன்' என்று சத்தம் போட வேண்டும். நம் பையன்கள் அன்று வாயைத் திறக்கவில்லை" என்றார். நாமிருவரும்தான் திறக்கவில்லை என்பதை அவர் சொல்லாமல் விட்டது அவர் பெருந்தன்மை.

அன்று முதல் நம் பொறுப்பிலுள்ள மாணவர் பெயர்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மூன்று நாள் தொடர்ந்து வராதவரை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்து விடுகிறோம். சிலருக்கு இது தொல்லையாக இருக்கிறது. ஒரு மாணவரின் அத்தா, "பிள்ளைக்குச் சளிதான் சார், ஸ்கூல் பிள்ளை மாதிரி விசாரிக்கிறீங்களே" என்று சிரித்தார். சிரிக்கட்டும். ஆயினும் இருபதைத் தாண்டும் பெயர்களை ஒருவரே ஒட்டிக்கொண்டு ஓடுவதும் ஆகாது என்பதைக் குறிப்பேடே காட்டுகிறது. சில வாரங்களில் பாதிப் பெயர்களுக்கு எதிரே கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. அவ்வாரங்களில் உடற்கல்வித் துறைக்கும் நூலகருக்கும் ஒரு தாளில் பெயர் எழுதி அனுப்புகிறோம்.

திரும்பி வந்த அந்த மாணவர் மீண்டும் அணியில் சேரவில்லை. இரவுக் காவலை வார இறுதிக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டுப் போட்டியின்போது படிக்கட்டில் நமக்கு இரண்டு வரிசை கீழே அமர்ந்திருந்தார். அன்று நம் அணி ஆளுக்கு ஆள் ஆடியது. ஓடியோடிக் களைத்த நம் பிள்ளைகளைத் தாண்டி எதிரணி எளிதாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. "ஜோன் போடுங்கள்!" என்று அவர் எழுந்து கத்தினார்.

போன ஆண்டு நடந்ததை மறந்துவிட்டீரா என்று நாம் கேட்டோம்.

"நான் கேட்டுல நின்னவன் சார்" என்றார் அவர், களத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "உள்ளே வர்ற ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஓடினா கேட்டை யார் பாத்துக்குவாங்க?"