நனையா உடை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில் நீரை ‘வெள்ளம்’ என்போம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த எங்கள் நாவில் சொற்கள் கலந்தே கிடந்தன. சென்னைக் கல்லூரி விடுதியில் ‘குடிக்க வெள்ளம் வேண்டும்’ என்று கேட்டு நான் நகைப்புக்கு ஆளானதும் உண்டு. ஆனால் நான் அஞ்சிய வெள்ளம் ஒன்றுதான்: ஊர்க்கோடியில், கல் வெட்டிக் கைவிடப்பட்ட பாறைமடையில் தேங்கி நின்ற பச்சை வெள்ளம்.

என் ஒன்பதாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் படித்த தோழன் அதில் குதித்தான். அவன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன் நான். வெயிலில் மேல்நீர் வெதுவெதுப்பாயிருக்கும், ஓராள் ஆழத்துக்குக் கீழே குளிர் மூச்சையே பிடித்துவிடும் என்று பெரியவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். அவனை எடுத்தது மறுநாள். “மக்களே, இனி வெள்ளத்துப் பக்கம் போவாதே” என்று பாட்டி என் கையைப் பிடித்துக் கேட்டாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நான் போகவில்லை.

இங்கிலாந்தில் குடியேறிய பின் என் மகள் முக்குளிக்கப் பயின்றாள். பயின்ற இடம் லெஸ்டர்ஷயரிலுள்ள ஸ்டோனி கோவ். 1958 வரை கருங்கல் வெட்டி, பின்னர் ஊற்றுநீர் நிரம்பிய பாறைமடை! உலகம் சுற்றியும் என்னை விடவில்லை பாருங்கள். ஐம்பத்திரண்டாம் வயதில் நானும் சேர்ந்தேன். துணிவினால் அன்று, மீண்டும் ஒருவர் சட்டையோடு கரையில் நிற்க மனம் ஒப்பவில்லை.

அது பிப்ரவரி மாதம். நீர் 5 பாகை செல்சியஸ். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் நம் உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். ஆகவே ‘டிரை சூட்’ என்னும் நனையா உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டைகள் இறுக்கிப் பிடிக்கும். தூத்துக்குடிக் கடலில் கல்லைத் துணைகொண்டு ஒற்றை மூச்சில் இறங்கிய முத்துக்குளிப்போர் இக்கோலத்தைக் கண்டால் நகைத்திருப்பர்! சூட்டைக் காப்பது உடையினுள் அடைபட்ட காற்றுத்தான். தொல்லை தருவதும் அதுவே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காக, காற்று பாதியாய்ச் சுருங்கும். மார்பிலுள்ள பொத்தானை அழுத்திச் சிறிது சிறிதாகக் காற்றை நிரப்ப வேண்டும். மேலேறுகையில் அது விரியும். தோளருகே உள்ள திறப்பின் வழியே வெளியேற்ற வேண்டும். தவறினால் காற்று கால்களில் சேர்ந்து ஆளைத் தலைகீழாய் மேலே இழுத்துச் செல்லும். அப்படி நேர்ந்தால் முழங்காலை மடக்கி உருண்டு நிமிர்வதே முதற்பாடம். நான் உருண்ட அழகைக் கண்ட மகளின் வாயிலிருந்து குமிழ்கள் கொத்துக் கொத்தாய்க் கிளம்பின.

இரண்டாம் நாள், ஆறு மீட்டர்த் திட்டுக்கு இறங்குகையில் பொத்தானை மறந்தேன். உடை மடிப்பு மடிப்பாய்த் தோலைக் கவ்வியது. உதட்டிலும் நெற்றியிலும் குளிர் ஊசியாய் இறங்கியது. கண்முன் பச்சை இருள், அதே பச்சை. எனக்கு மூச்சு இழுக்க வரவில்லை. அவன் கடைசியாகக் கண்டது இதைத்தானா?

மகள் நெருங்கி வந்து என் மார்பிலிருந்த பொத்தானை அழுத்தினாள். சீறல் ஒன்று கேட்டது, உடை தளர்ந்தது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி, நலந்தானா என்று வினவினாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அத்திட்டிலேயே மண்டியிட்டு, என் மூச்சுக் குமிழ்கள் மேலேறுவதைச் சற்று நேரம் பார்த்திருந்தேன். பிறகு நானும் விரல்களை வளைத்தேன்.

சென்ற ஓணத்துக்கு ஊர் போனபோது பாறைமடைக்குச் சென்றேன். இப்போது கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் வேலி சாய்ந்திருந்தது. குனிந்து கை நீட்டி வெள்ளத்தைத் தொட்டேன். மேல்நீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.