எழுதிக் கொடுத்த பிறகு

2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டார். ஏன் என்று பள்ளியில் கேட்டார்கள். உடன் படிக்கும் ஆதிக்கச் சாதிப் பையன்கள் கொடுத்த தொல்லை புகாராகப் போனது. அதன்பிறகுதான் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து.

"மனசுல இருக்கறத சொல்லு தம்பி" என்று பிள்ளைகளிடம் கேட்பதே வேலையாக இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி என்ன செய்திருக்கும் என்று தோழர்கள் யோசித்ததுண்டா? எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஒரத்தநாடு பக்கம் பள்ளி ஆலோசகர். எங்கள் தெருக்காரர், முதல் தலைமுறைப் பட்டதாரி. ஒப்பந்தச் சம்பளம், டவுன் பஸ்ஸில் வாரத்துக்கு ஐந்து பள்ளிகள். "முன்னாடியெல்லாம் புள்ள அழுதா எனக்கும் தொண்டை அடைக்கும். இப்ப அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்குன்னு மனசு கணக்குப் போடுது தம்பி" என்றார்.

இதைத்தான் பர்ன் அவுட் என்கிறார்கள். ஆள் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகவே படாமல் போவது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது: உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் சொன்ன மூன்று அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலையிடத்தால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. நம் ஆட்களோ இதற்கு யோகா வகுப்பு நடத்துகிறார்கள்.

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது. இங்கே நடமாடும் ஆலோசனை மையம் என்று தொடங்கியபோது 32 மாவட்டங்களுக்கு 10 வண்டிகள். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்றது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைப் பற்றியே எல்லோரும் விவாதித்தோம். இந்தப் பரிந்துரையைப் பற்றி யாரும் தொண்டை கிழியப் பேசவில்லை.

'டெல்டாவில் அப்படியெல்லாம் கிடையாது' என்பார்கள். கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த மண்ணில் நின்றுகொண்டுதான். அக்காவிடம் வரும் கதைகளில் அரிவாள் இல்லை. சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கக்கூஸ் கழுவ யாரை அனுப்புவது என்பது, நடவு நாளில் அம்மாவோடு வயலுக்குப் போன பிள்ளையை மறுநாள் வகுப்பில் கேலி செய்வது. அவர் இதைக் குறிப்பேட்டில் எழுதினால், "பெருசு பண்ணாதீங்க டீச்சர், ஊர்ல பிரச்சனையாயிடும்" என்று பதில். கேட்ட கதை அவர் சொந்தக் கதையாகவும் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பார்?

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர் 1981இல் துணையை நான்காகப் பிரித்தார்: ஆறுதல், கைகொடுத்து உதவுவது, விவரம் தருவது, செய்வது சரிதானா என்று சொல்வது. அக்காவுக்கு முதலாவது மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி மேடம்" என்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். புகார் எழுதும் நாளில் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது.

அதனால் தஞ்சாவூரில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். ஆலோசகர்கள் ஆறு பேர், வன்கொடுமைத் தடுப்பு வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவர். பிள்ளைகளின் பெயர், ஊர் எதுவும் பேசக்கூடாது, போன் பைக்குள். புகார் கொடுத்த பிள்ளை வீடு திரும்பும் வழியில் ஒரு வாரம் துணைக்குப் போக ஆட்கள் தேவைப்படுகிறார்கள். சைக்கிள் வைத்திருக்கும் கல்லூரித் தோழர்கள் சொல்லுங்கள்.