வாங்கின காசு

செங்கல் சூளை முதலாளியின் வக்கீல் ஒரு கணக்கு நோட்டைக் கோட்டாட்சியர் மேசைமேல் வைத்தார். “முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், கைநாட்டு இருக்கிறது. கடனைத் தீர்த்துவிட்டுத் தாராளமாகப் போகட்டும். யார் பிடித்து வைத்தது?” கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

சூளையில் வேலை செய்த இருளர் குடும்பமும் அதை மறுக்கவில்லை, அவர்களுக்காக வாதாட வந்த எனக்கு அதுதான் சிக்கல். “வாங்கின காசைக் குடுக்காம எப்படி சார் போறது?” என்றார் அந்தக் குடும்பத்துப் பெண். அவர்களுடைய நாணயத்தை வைத்துத்தான் அந்தச் சூளையே ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். 15,000 ரூபாயில் தொடங்கிய கடன். வாரச் செலவுக்குக் கொடுத்தது, பிள்ளைக்கு வாங்கிய மருந்து, திருவிழாவுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பியதற்கு அபராதம் என்று எல்லாம் பற்று எழுதப்பட்டிருந்தது. அறுத்த கல்லுக்கான கூலி எந்தப் பக்கத்திலும் வரவாகவில்லை. மூன்று சீசன் உழைத்த பிறகும் கடன் ஏறித்தான் இருந்தது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976, சங்கிலியைத் தேடுவதில்லை. முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ பறித்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும், 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது. “இந்த நோட்டில் கூலி எங்கே?” என்று கேட்டேன். எதிர்த்தரப்பு வாய்தா கேட்டது.

அதற்குள், முதலாளியின் ஆட்கள் இல்லாமல் குடும்பத்தைத் தனியே விசாரிக்கும்படி கோட்டாட்சியரைக் கேட்டுக்கொண்டேன். அவர் கடனை விட்டுவிட்டு, “சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம்னா குடும்பத்தோட போவீங்களாம்மா?” என்றார்.

“பிள்ளைங்கள்ல ஒண்ணை இங்க விட்டுட்டுத்தான் சார் போகணும்.”

அந்தப் பதில் வாக்குமூலத்தில் ஏறியதும் வழக்கு முடிந்த மாதிரிதான். விடுதலைச் சான்றிதழும், 2016 மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவித்தொகை 20,000 ரூபாயும் கிடைத்தன. அப்போதும் அந்தப் பெண், “அந்தக் கடன் என்ன சார் ஆகும்?” என்றே கேட்டார். “நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே சட்டம் அதைத் தள்ளுபடி பண்ணிடுச்சும்மா” என்றேன்.

மனித உரிமைக்குச் சட்டம் போதவில்லை என்று மேடைகளில் பேசும்போது எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையும் சட்டத்தில் இருந்தது. ஆனால் நான் போகும் விசாரணைகளில் இன்னமும் முதல் கேள்வி “எவ்வளவு வாங்கினே?” என்றுதான் வருகிறது. அதை “போக முடியுமா?” என்று மாற்றிக் கேட்க வைப்பதிலேயே என் பாதி வாதம் கழிகிறது.