உரிந்தது போன இடம்

நம் கவிதைகளில் நட்சத்திரம் எப்போதும் தனியாகத்தான் இருக்கிறது. தனிமைக்குப் படிமம் வேண்டியபோதெல்லாம் வானத்துக்குக் கை நீட்டிவிடுகிறோம். விமர்சனத்திலும் இதே பழக்கம்தான். ஒருவனுடைய எழுத்து அலங்காரம் உதிர்ந்து எலும்பாக நின்றால் அதை அவனுடைய உள்வலிமை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சில மாதங்களாக வங்கியிலிருந்து திரும்பியதும் வானியல் படித்துவருகிறேன். அங்கே இந்தப் படிமம் நிற்கவில்லை.

1993 மார்ச் 28 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ கார்சியா என்ற அமெச்சூர் வானியலாளர், எம்81 என்ற காலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்திருப்பதைக் கண்டார். முதலில் அதன் நிறமாலையில் ஹைட்ரஜனின் கோடுகள் தெரிந்தன. சில வாரங்களில் அவை மங்கி, ஹீலியத்தின் கோடுகள் மேலோங்கின. சூரியனைப்போல் பத்து மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரத்துக்கு ஹைட்ரஜன் தடித்த போர்வையாக இருந்திருக்க வேண்டும். இதிலோ மெல்லிய தோல்தான் மிச்சம். வெடிக்கும் முன்பே போர்வை போய்விட்டிருக்கிறது.

மிகப் பெரிய நட்சத்திரங்கள் தம் சொந்தக் காற்றாலேயே மேலுறையை ஊதித் தள்ளிவிடும் என்று ஒரு விளக்கம் உண்டு. துறவின் சாயல் உள்ளதால் நமக்குப் பிடித்தமான விளக்கம். ஆனால் இந்த நட்சத்திரத்திடம் அவ்வளவு காற்று இல்லை. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. முதுமையில் பெரியது வீங்குகிறது. அதன் மேற்பரப்பு ஓர் எல்லையைத் தாண்டியதும், அங்குள்ள வாயு மற்றதன் ஈர்ப்புக்கு வசமாகி அந்தப் பக்கம் வழிகிறது. வெடிப்பின் வெளிச்சத்தில் துணை தெரியவில்லை. 2004-ல்தான் அதன் தடயம் நிறமாலையில் கிடைத்தது. 2014-ல் ஹப்பிள் தொலைநோக்கியின் புறஊதாப் பதிவுகள் அதை மேலும் வலுப்படுத்தின.

இது விதிவிலக்கும் அன்று. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய நட்சத்திரங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் துணையோடு நிறையைப் பரிமாறிக்கொள்ளும் என்று கணக்கிட்டது.

பேரேடு எழுதுகிறவனுக்கு இது புரியாத விஷயமில்லை. ஓரிடத்தில் பற்று என்றால் இன்னோரிடத்தில் வரவு இருந்தாக வேண்டும். வாங்கிக்கொண்ட துணை பருத்து, முன்னைவிட வேகமாகச் சுழல்கிறது. ஆனால் கணக்கு முழுக்க நேராவதுமில்லை. ஒரு பகுதி இரண்டுக்கும் கிட்டாமல் வெளியில் சிதறிப்போகிறது.

எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவரின் கடைசித் தொகுப்பைச் சொற்சிக்கனத்தின் உச்சம் என்றார்கள். அதன் கைப்பிரதியை நான் பார்த்திருக்கிறேன். அடித்தல்களில் பாதி அவர் மனைவியுடையவை. முன்னுரையில் அந்த அம்மாளின் பெயர் இல்லை.

இரண்டையும் ஒன்றாக்கி ஒரு கவிதை எழுதிவிட வேண்டாம். வாயுவுக்கு எண்ணமில்லை, அந்த அம்மாளுக்கு இருந்தது. கற்றுக்கொள்ள வேண்டியது வாசிக்கிற முறையைத்தான். ஒன்று மெலிந்திருக்கக் கண்டால், மிச்சம் எங்கே போயிற்று, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, வெளிச்சம் அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். வெடிப்பைப் பார்க்க ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. துணையைப் பார்க்க அந்த இடத்தையே வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.