முக்காலமும் ஊறும் காய்

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுக் கூறுக என்று தமிழாசிரியர் கேட்டால், மாணவர் தயங்காமல் சொல்லும் சொற்களுள் ஒன்று 'ஊறுகாய்'. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்தையும் தன்னுள் அடக்கி நிற்பது அது. பிறந்த ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்து வாழும் நம் போன்றோர்க்கு அச்சொல் வெறும் இலக்கணப் பாடம் அன்று. குடும்ப வரலாறே அதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

1931-இல் புதுதில்லி தலைநகராகத் திறந்து வைக்கப்பட்டதை ஒட்டியும், அதன் பின்னர் விடுதலைக் காலத்திலும், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் அலுவலர்களாகவும் தமிழர் இங்கு வந்து சேர்ந்தனர். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பங்களின் மூட்டைகளில் ஓர் ஊறுகாய் ஜாடி தவறாமல் இடம்பெறும். மாவடுவும் நார்த்தங்காயும் மாகாளிக்கிழங்கும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து தில்லி வந்தன. ஆனால், வைகாசியில் வந்த ஜாடியில் ஐப்பசிக்குள் அடி தெரியத் தொடங்கிவிடும். அடுத்த விடுமுறையோ தொலைவில் இருக்கும். அப்போதுதான் நம் வீட்டுப் பெண்மணிகளின் பார்வை, அரசுக் குடியிருப்பின் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் கிடந்த சிறு நிலத்தின்மீது திரும்பியது.

அந்த நிலம் நம் ஊர் நிலம் அன்று. அதன் பருவமும் நம் ஊர்ப் பருவம் அன்று. தமிழ்நாட்டில் ஊறுகாய் என்றால் சித்திரை வெயிலும் மாங்காயும் நினைவுக்கு வரும். இங்கோ ஐப்பசியில் விதைத்தால் மார்கழி, தை மாதங்களில் தோட்டம் நிறையும். செக்கச் சிவந்த கேரட், முள்ளங்கி, காலிபிளவர், 'ஷல்கம்' என்று இங்குள்ளோர் அழைக்கும் கிழங்கு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேலியோரத்தில் ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலைக் கன்று. இவற்றைக் கொண்டு நம் சுவையில் ஊறுகாய் போட இயலுமா என்பதே அன்றைய கேள்வி.

இயலும், ஆயினும் அதற்கு ஒரு புரிதல் வேண்டியிருந்தது. மாங்காயும் எலுமிச்சையும் தமக்கு வேண்டிய புளிப்பைத் தாமே வைத்திருப்பவை. கேரட்டும் காலிபிளவரும் அவ்வாறு அல்ல; அவற்றுக்குப் புளிப்பை நாம்தான் ஊட்ட வேண்டும். உப்பு காயின் நீரை வெளியே இழுத்து, நுண்ணுயிர்கள் பெருக இடமின்றிச் செய்கிறது. மேலே மிதக்கும் எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது. ஆனால், காற்றில்லாத இடத்திலேயே வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரும் உண்டு. புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழ் இருந்தால்தான் அது தலையெடுக்காது. இந்த எண்ணை நம் பாட்டிமார் அறியார். ஆயினும், "புளிப்பு இல்லாத காய்க்கு எலுமிச்சையைத் தாராளமாகப் பிழி" என்று அவர்கள் சொன்னதன் உட்பொருள் இதுவேயன்றோ?

உழக்கும் வீசையும் அறியாத பேரப்பிள்ளைகளுக்காக, நம் இல்லத்து அளவைக் கிராம் கணக்கில் இங்கே குறித்து வைக்கிறோம். ஒரு கிலோ கேரட்டுக்கு உப்பு 100 கிராம், மிளகாய்ப்பொடி 75 கிராம், கடுகுப்பொடி 25 கிராம், வறுத்த வெந்தயப்பொடி 10 கிராம், மஞ்சள்பொடி 10 கிராம், நல்லெண்ணெய் கால் லிட்டர், சாறுள்ள எலுமிச்சம்பழம் பன்னிரண்டு. பெருங்காயம் அவரவர் விருப்பம்.

தை பிறந்து பனிமூட்டம் விலகிய பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். மார்கழியில் தில்லிச் சூரியன் பெயருக்குத்தான் உதிக்கிறான்; அவனை நம்பிக் காயை வெளியே வைத்தால் உலர்வதற்கு மாறாக ஈரமே ஏறும். கேரட்டைக் கழுவித் துடைத்து, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, பாதி உப்பிட்டுப் பிசிறி ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள் நீரை வடித்து, கயிற்றுக் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்ப வேண்டும். துண்டை எடுத்து வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும்; அதுவே பதம். இதற்கு ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். பின்னர் பொடிகளையும் மீதி உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை ஊற்றிக் குலுக்கி, காய் எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்குமாறு வைத்தால், பத்து நாளில் ஊறிவிடும். ஈரக் கையும் ஈரக் கரண்டியும் மட்டும் ஜாடியை அணுகக் கூடாது.

அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரை நாம் 'பாபிஜி' என்றே அழைத்து வந்தோம். அவர் அதே காய்களைக் கடுகெண்ணெயில், வெல்லமும் காடியும் சேர்த்துப் போடுவார். எண்ணெயைப் புகை எழக் காய்ச்சி ஆறவிட்டால் நெடி தணியும் என்பதை நமக்குக் கற்பித்தவர் அவரே. வெந்தயத்தை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பதை அவர் நம்மிடம் கற்றார். அவர் வீட்டு ஜாடிக்குப் பெயர் 'மர்த்தபான்'. பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய பளபளப்பு மெருகிட்ட ஜாடிகளால் வந்த பெயர் அது. 14-ஆம் நூற்றாண்டில் கீழைக் கடல்களில் பயணம் செய்த இப்னு பதூதா, இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பில் ஊறிய அத்தகைய ஜாடிகளைப் பரிசாகப் பெற்றதை எழுதியிருக்கிறார். அக்காலத்து ஊறுகாயில் மிளகாய் இருந்திருக்க இயலாது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய மிளகாய், போர்த்துகீசியர் 1498-இல் இந்தியா வந்த பின்னரே இங்கு வேரூன்றியது. அதனையும் நம்முடையது என்றே இன்று உண்கிறோம். ஊறுகாய் தொடக்க முதலே ஊர் பெயர்வோரின் உணவு. செல்லுமிடத்துப் பொருளை ஏற்பது அதன் இயல்பு.

இன்று அந்தத் தோட்டங்கள் குறைந்து வருகின்றன. சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பணி ஓய்வு பெற்றோர் புறநகர்களின் உயர்மாடி வீடுகளுக்குக் குடியேறிவிட்டனர். அங்கே நிலம் இல்லை. உப்பரிகையில் நான்கு தொட்டிகள் உண்டு. பச்சை மிளகாயும் எலுமிச்சையும் தொட்டியில் நன்றாகவே காய்க்கும். கேரட்டைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே, தோட்டம் போயிற்றே என்பது நம் முதற் கவலை அன்று.

கவலை வேறொன்று. கடையில் புட்டியாகக் கிடைக்கும்போது வீட்டில் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கின்றனர். அக்கேள்வியில் பிழையில்லை; அவர்களுக்கு நேரமில்லை என்பதும் உண்மை. ஆனால், கடைப் புட்டி சுவையைத் தருமேயன்றிச் சொற்களைத் தராது. பிசிறு, குலுக்கு, வடி, தாளி, பதம் பார் என்னும் சொற்களைத் தில்லியில் வளரும் பிள்ளை எந்தப் பாடநூலில் கற்கும்? சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை 'அச்சார்' என்றே அது அறிகிறது. அந்தப் பாரசீகச் சொல்லின்மீது நமக்குப் பகையில்லை. ஆயினும், கையால் செய்யும் வேலை நின்றுபோனால், அவ்வேலைக்குரிய தமிழும் வீட்டை விட்டு வெளியேறிவிடும் என்பதை நாம் கண்ணெதிரே காண்கிறோம்.

ஆதலின், பாட்டிமார் நம்மோடு இருக்கும்போதே, ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒரு கிலோ காயேனும் போடுவோமாக. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு இதில் வேண்டாம். காயை வளைத்துப் பார்க்கும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடுவோம். பதம் வந்ததா என்று நாம் கேட்க, அவர்கள் தமிழில் விடை சொல்லட்டும்.