தூக்கிச் சாத்து

எங்க வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சின்ன வயசிலேயே கத்துக்கிட்ட பாடம் "தூக்கிச் சாத்து". அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் இடது கதவு அப்படி. லேசாத் தூக்கினால்தான் பூட்டும். இங்கே கோவென்ட்ரியில் ஆபீஸ் நண்பர் காரிலும் பழக்க தோஷத்தில் கதவைத் தூக்கி, முறைப்பு வாங்கியிருக்கிறேன் :-)

நாங்கள் நாகர்கோவில்காரர்கள். அப்பா சாலைக் கடைத்தெருவில் கடை போட்டதால் திருவனந்தபுரத்துவாசிகள் ஆனோம். கார் 1965 மாடல், இரண்டே கதவு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் ஸ்டாண்டர்ட் கம்பெனி சென்னையில் தயாரித்தது. 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், இதே சேசிஸைக் குறுக்கிச் செய்த தம்பி. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி.

இரண்டு கதவுக் காரில் கதவு நீளம், கனமும் ஜாஸ்தி. முழங்கால் வலிக்கார அம்மா அதைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்குவாள். "கதவ எறக்குனதே நீதான்" என்று அப்பா ஏசுவார். தினமும் நடக்கும்.

போன லீவில் போனபோது அப்பா, "வித்துரலாம்னு பாக்கேன் மக்கா. தோள் வலில கதவத் தூக்க முடியல" என்றார். அம்மா போன பிறகு அவர் ஆசையாக வைத்திருப்பது அது ஒன்றுதான். எனக்கு மனசு கேட்கவில்லை.

கரமனையிலிருந்து ஒரு பட்டறை ஆசானைக் கூட்டி வந்தேன். கீல் தேய்ந்திருக்கும் என்பது என் கணக்கு. அவர் கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கீல் தேய்ந்திருந்தால் லொடலொடக்கணும். சத்தமே இல்லை. "டோரினு குழப்பமொந்நுமில்ல சாரே" என்றபடி காருக்கு அடியில் படுத்துவிட்டார்.

ஹெரால்டில் சேசிஸ் தனி, பாடி தனி. போல்ட் போட்டு உட்கார்த்தியிருப்பார்கள். நடுவில் இருந்த ரப்பர் நசுங்கி, பாடி அந்த இடத்தில் இறங்கியிருந்தது. கீல் நிற்கும் தூணே சாய்ந்தால் கதவு என்ன செய்யும், பாவம்!

போல்ட்டைத் தளர்த்தி, பலகை கொடுத்து ஜாக்கியால் பாடியை மெல்ல ஏற்றினார். புது ரப்பர், கூடவே இரண்டு தகடு. பூட்டு மாட்டும் கொக்கியைக் கழற்றிவிட்டு, கதவை வெறுமனே சாத்திச் சாத்திப் பார்த்தார். மேலும் கீழும் இடைவெளி ஒன்றாகும்வரை தகடு மாற்றினார். கீல் போல்ட்டைத் தொட்டது அதற்குப் பிறகுதான், அதுவும் துளி. கொக்கி கடைசியில். நான் செய்திருந்தால் தலைகீழாக ஆரம்பித்திருப்பேன்.

அப்பா வந்து வழக்கம்போல் தூக்கிச் சாத்தினார். இடித்து நின்றது.

"தூக்காதீங்கப்பா, சும்மா தள்ளுங்க."

ஒரு விரலால் தள்ளினார். க்ளிக். திறந்தார், மறுபடி சாத்தினார். நாலு தடவை. அப்புறம் சீட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"ஒங்கம்மைய சும்மா ஏசிருக்கேன் மக்கா, இத்தன வருசமும்."

விற்கிற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.